பைத்தான் முதலிடமாம்! சரி, எதில் முதலிடம்?

தீபாவளி விருந்தோ கல்யாண வரவேற்போ, நம்மவர்கள் நாலு பேர் கூடினால் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேச்சு வராமல் இருக்காது. அங்கே ஐடி துறையில் ஒருவர் சிக்கிவிட்டால் அடுத்த கேள்வியும் தயார்: "தம்பி, இப்ப எந்த லாங்குவேஜ் படிச்சா நல்லது?" அவர் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருக்கும் மாமா "ஜாவாதான், பேங்க் எல்லாம் அதுலதான் ஓடுது" என்பார். பாலிடெக்னிக்கில் படிக்கும் அக்கா மகன் ஜாவா செத்து வருஷக்கணக்காச்சு, பைத்தான்தான் உலகத்திலேயே முதலிடம் என்று போனைத் தூக்கிக் காட்டுவான். கடைசியில் யாராவது "இனிமே எல்லாத்தையும் ஏஐ எழுதிடும், விடுங்க" என்று சொல்லிவிட்டுப் பாயசத்துப் பக்கம் போய்விடுவார்.

இந்தப் பேச்சில் இரண்டு வேறு வேறு கேள்விகள் ஒன்றாகக் குழைந்து கிடக்கின்றன. ஒரு நிரலாக்க மொழி நமக்கு எதைக் கொடுக்கிறது, பதிலுக்கு எதைப் பிடுங்கிக்கொள்கிறது என்பது ஒரு கேள்வி. அதை எத்தனை பேர் எழுதுகிறார்கள், ஏன் எழுதுகிறார்கள் என்பது இன்னொன்று. முதலாவது பொறியியல். இரண்டாவது பெரும்பாலும் வரலாறும் வியாபாரமும். நல்ல மொழிதான் மேலே வரும், மேலே இருப்பதுதான் நல்ல மொழி என்று நினைப்பதால்தான் சண்டை ஓயாமல் நடக்கிறது. கோட் ஒரு வரிகூட எழுதியிராதவருக்கும் புரியும்படி இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

செயலிக்கு இந்த மொழி எதுவுமே தெரியாது

நிரலாக்க மொழி என்பது கணினியிடம் வேலை சொல்வதற்காக மனிதர்கள் உருவாக்கிய ஒரு கறாரான எழுத்துமுறை. பைத்தான், ஜாவா, சி என்று பல நூறு மொழிகள் உண்டு. ஆனால் கணினிக்குள் கணக்குப் போடும் செயலிக்கு இவற்றில் ஒன்றுகூடப் புரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எண்களாலான குட்டிக் குட்டிக் கட்டளைகள்: இந்த இடத்திலிருந்து ஓர் எண்ணை எடு, அதோடு இதைக் கூட்டு, விடையை அங்கே வை. இவற்றை இயந்திரக் கட்டளைகள் என்போம். ஆக, நாம் எந்த மொழியில் எழுதினாலும் நடுவில் ஒருவர் நின்று மொழிபெயர்த்தே ஆகவேண்டும். அந்த மொழிபெயர்ப்பு எப்போது நடக்கிறது என்பதில்தான் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது.

மொழிபெயர்ப்பைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம், நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள சிங்கப்பூரில் வாழ்கிறோம். ரயில் நிலையத்தில் நான்கு மொழிகளில் மாட்டியிருக்கும் எச்சரிக்கைப் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். யாரோ எப்போதோ உட்கார்ந்து மொழிபெயர்த்து, சரிபார்த்து, அச்சடித்து மாட்டியது. படிப்பவருக்கு ஒரு நொடி போதும், ஆனால் ஒரு சொல்லை மாற்றவேண்டுமென்றால் பலகையையே கழற்றித் திரும்ப அச்சடிக்க வேண்டும். நீதிமன்றத்தில் நடப்பது வேறு. சாட்சி தமிழில் ஒரு வாக்கியம் சொல்கிறார், பக்கத்தில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொல்கிறார், பிறகு அடுத்த வாக்கியம். அச்சடிக்கக் காத்திருக்க வேண்டியதில்லை, சாட்சி என்ன சொல்லப்போகிறார் என்று முன்கூட்டியே தெரியவும் தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இரட்டை நேரம், அதே வாக்கியத்தை நூறு தடவை சொன்னால் நூறு தடவையும் மொழிபெயர்ப்பு.

பலகை வகை மொழிபெயர்ப்பைச் செய்யும் மென்பொருளுக்கு கம்பைலர் என்று பெயர். சி, சி++, கோ, ரஸ்ட் எல்லாம் இந்த வழி. நீதிமன்ற வகைக்கு இன்டர்பிரட்டர். பைத்தான், ரூபி இந்த வழி. கறாராகச் சொன்னால் இது மொழியின் குணமில்லை, அதை ஓட்டும் மென்பொருளின் குணம்; பைத்தானும் உள்ளுக்குள் ஓர் இடைநிலை வடிவத்தைத் தயார் செய்துகொண்டுதான் ஓடுகிறது. அந்த நுணுக்கம் இப்போதைக்கு வேண்டாம்.

நடுவில் ஒரு சாமர்த்தியசாலியும் உண்டு. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் "இந்த வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறதே" என்று கவனித்து, அதன் மொழிபெயர்ப்பை ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த முறை சீட்டைப் பார்த்துச் சட்டென்று வாசித்தால் எப்படியிருக்கும்? ஓடிக்கொண்டிருக்கும்போதே அடிக்கடி வரும் பகுதியை மட்டும் இயந்திரக் கட்டளையாக மாற்றி வைத்துக்கொள்ளும் இந்த உத்தியை ஜிட் என்கிறார்கள். ஜாவா வேகமானது 1999இல் வந்த ஹாட்ஸ்பாட் என்ற ஜிட் இயந்திரத்தால். 2008இல் குரோம் உலாவியோடு வந்த வி8 அதே வேலையை, இணையப் பக்கங்களுக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் என்ற மொழிக்குச் செய்தது. பொம்மை மொழி என்று கேலி செய்யப்பட்ட ஜாவாஸ்கிரிப்ட் அதற்குப் பிறகுதான் பெரிய மென்பொருள்களைத் தாங்கும் அளவுக்கு வளர்ந்தது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: எல்லா மொழியும் கடைசியில் இயந்திரக் கட்டளையாகத்தான் மாறுகிறது. முன்கூட்டியே மாற்றினால் ஓட்டம் வேகம், அவ்வப்போது மாற்றினால் எழுதுவதும் திருத்துவதும் சுலபம்.

பைத்தான் மெதுவானது, அதனால் என்ன?

பைத்தான் மெதுவான மொழி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உண்மைதான். எவ்வளவு மெதுவு, ஏன் மெதுவு என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம், ஏனென்றால் பைத்தானின் செல்வாக்குக்கான காரணமும் அங்கேயேதான் இருக்கிறது.

ஒரு நிரலில் அ + ஆ என்று ஒரு வரி இருக்கிறது. சி மொழியில் அ, ஆ இரண்டும் முழு எண்கள் என்று முதலிலேயே சொல்லிவிடவேண்டும், அது கட்டாயம். அதனால் கம்பைலருக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, கூட்டு என்று ஒரே ஒரு இயந்திரக் கட்டளையை எழுதி வைத்துவிடும். பைத்தானில் அப்படிச் சொல்லத் தேவையில்லை. அ எண்ணாகவும் இருக்கலாம், எழுத்தாகவும் இருக்கலாம், ஒரு பட்டியலாகவும் இருக்கலாம். எனவே அந்த வரிக்கு வந்ததும் இன்டர்பிரட்டர் அ எந்த வகைப் பொருள் என்று பார்க்கிறது, ஆ எந்த வகை என்று பார்க்கிறது, இந்த இரண்டு வகைகளையும் கூட்ட என்ன முறை இருக்கிறது என்று தேடுகிறது, கூட்டி வந்த விடைக்குப் புதிதாக ஒரு பொருளை உருவாக்கி அதில் வைக்கிறது. வரி ஒன்றுதான், பின்னால் நடப்பது ஒரு ஊர்வலம். சியில் ஒரு சாதாரண முழு எண் பெரும்பாலும் 4 பைட் நினைவகம் எடுக்கும். இன்றைய கணினிகளில் பைத்தானின் ஒரு சின்ன எண் 28 பைட் எடுக்கும், ஏனென்றால் "நான் ஓர் எண், என்னை இத்தனை இடங்களில் பயன்படுத்துகிறார்கள்" என்ற விவரத்தையும் அது சுமந்துகொண்டே திரிகிறது. எண்களை மட்டும் போட்டு அரைக்கும் ஒரு நீண்ட கணக்கில் பைத்தான் சியைவிடப் பத்து மடங்கிலிருந்து நூறு மடங்குவரை மெதுவாக ஓடுவது சர்வசாதாரணம்.

அப்புறம் எப்படி உலகத்தின் ஏஐ வேலையெல்லாம் பைத்தானில் நடக்கிறது? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அந்தக் கணக்கைப் பைத்தான் போடுவதில்லை! நம்பை என்று ஒரு லைப்ரரி இருக்கிறது. லைப்ரரி என்றால் யாரோ ஏற்கெனவே எழுதி, நாம் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும் கோட். நம்பையின் உள்வேலை சியில் எழுதியது, ஏஐ வேலைக்கான பைட்டார்ச் என்ற லைப்ரரியின் உள்வேலை சி++இல். பைத்தானில் நீங்கள் எழுதும் ஒரு வரி, "இந்தப் பத்து லட்சம் எண்களை அந்தப் பத்து லட்சத்தோடு கூட்டு" என்று உள்ளே சொல்லி அனுப்புகிறது, அவ்வளவுதான். மேலே சொன்ன ஊர்வலம் பத்து லட்சம் தடவை நடப்பதில்லை, ஒரே ஒரு தடவை. மீதியெல்லாம் கம்பைல் செய்த சி கோட் பார்த்துக்கொள்கிறது, அல்லது கிராஃபிக்ஸ் சில்லு பார்த்துக்கொள்கிறது.

ஆகவே "பைத்தான் மெதுவு" என்பவரும் சரி, "பைத்தானில்தான் ஏஐ ஓடுகிறது" என்பவரும் சரி. விஞ்ஞானிகள், புள்ளியியல் நிபுணர்கள், உயிரியல் ஆய்வாளர்கள் போன்ற, நிரலாக்கத்தைத் தொழிலாகக் கொள்ளாதவர்கள் சுலபமாக எழுத ஒரு மொழி, அடியில் வேகமாக உழைக்க இன்னொரு மொழி என்ற இந்தக் கூட்டணிதான் பைத்தானைத் தூக்கிவிட்டது. 1991இல் வெளிவந்த மொழி இது, கடந்த பதினைந்து ஆண்டுகளில்தான் இப்படிப் பாய்ந்திருக்கிறது. இடையில் மொழியின் குணம் பெரிதாக மாறிவிடவில்லை, அதைச் சுற்றி இருந்த லைப்ரரிகள்தான் பெருகின.

பிழை எப்போது தெரியவேண்டும்?

வேகத்தைவிட முக்கியமான ஒரு விஷயத்தைப் பற்றி வெளியே அதிகம் பேசுவதில்லை. தப்பு செய்தால் மொழி எப்போது சொல்லும்?

தேக்கா பக்கம் ஒரு பிரியாணிக் கடை, இணையத்தில் ஆர்டர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் ஒரு கட்டத்தில் 5 என்று தட்டுகிறார், பிறகு மனம் மாறி இன்னும் 3 பொட்டலம் சேர் என்கிறார். பக்கம் ஜாவாஸ்கிரிப்டில் எழுதியது. கட்டத்தில் தட்டியது எதுவானாலும் முதலில் எழுத்தாகத்தான் வந்து சேரும், எண்ணாக அல்ல. எழுத்தான "5" உடன் எண் 3ஐக் கூட்டச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் இரண்டையும் ஒட்டி "53" என்று தரும். 53 பொட்டலம் பிரியாணி! இதில் வேடிக்கை, அதே "5"இலிருந்து 3ஐக் கழிக்கச் சொன்னால் ஒழுங்காக 2 என்று விடை வரும். பைத்தானில் இந்தக் கூட்டலைச் செய்தால் அந்த வரிக்கு வந்ததும் பிழை என்று கத்தி நின்றுவிடும், வாடிக்கையாளர் முன்னால் பக்கம் உடையும், ஆனால் தப்பான ஆர்டர் போகாது. ஜாவாவில் எழுத்து வடிவத்தில் வந்ததை எண்ணுக்கான இடத்தில் வைக்கவே கம்பைலர் விடாது, கடை திறப்பதற்கு முன்பே, எழுதுபவரின் மேசையிலேயே பிழை மாட்டிக்கொள்ளும்.

இது எண், இது எழுத்து, இது தேதி என்று ஒவ்வொன்றுக்கும் உள்ள அடையாளத்தை டைப் என்கிறார்கள். அதை முன்கூட்டியே எழுதி, ஓட்டுவதற்கு முன்பே சரிபார்த்தால் ஸ்டாட்டிக் டைப்பிங். ஓடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் டைனமிக் டைப்பிங். முதல் வகை சின்ன வேலைக்கு எரிச்சலூட்டும், பத்து வரி எழுத இருபது வரி விண்ணப்பம் நிரப்புவது போல இருக்கும். ஆனால் முப்பது பேர் சேர்ந்து ஐந்து வருடம் எழுதும் மென்பொருளில், நேற்றுச் சேர்ந்த ஒருவர் எதையோ மாற்றினால் எங்கே உடையும் என்று அதுதான் சொல்லும். மைக்ரோசாப்ட் 2012இல் டைப்ஸ்கிரிப்டை வெளியிட்டது இதற்காகத்தான்: ஜாவாஸ்கிரிப்டின் மேல் டைப் சரிபார்ப்பை ஏற்றிய மொழி அது, சரிபார்த்த பிறகு சாதாரண ஜாவாஸ்கிரிப்டாகவே மாறிவிடும். நம் அரசாங்கப் படிவங்களுக்குப் பயன்படும் ஃபார்ம்எஸ்ஜி ஒரு திறந்தமூல மென்பொருள், அதாவது அதன் கோடை யாரும் பார்க்கலாம். அந்தக் கோட் இன்று டைப்ஸ்கிரிப்டில் இருக்கிறது.

என் கட்சி என்னவென்று கேட்டால், பலர் சேர்ந்து எழுதும் எதிலும் டைப் வேண்டும் என்பேன். தனியாக ஒரு எக்செல் கோப்பைச் சுத்தம் செய்ய வேண்டாம்.

நினைவகத்தை யார் பெருக்குவது?

நிரல் ஓடும்போது நினைவகத்தில் இடம் பிடித்துக்கொண்டே போகும். வேலை முடிந்த இடத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

சி, சி++ மொழிகளில் எழுதுபவரே. சியில் அது முழுக்க முழுக்க அவர் பாடு. சீக்கிரம் கொடுத்துவிட்டு, கொடுத்த இடத்தையே மறுபடி தொட்டால் நிரல் நொறுங்கும், அல்லது அதைவிட மோசமாக, நொறுங்காமல் ஹேக்கருக்குக் கதவு திறந்துவிடும். இது சின்ன விஷயமில்லை. தன் மென்பொருள்களில் ஆண்டுதோறும் திருத்தும் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70% இந்த நினைவகப் பிழைகளால் வந்தவை என்று மைக்ரோசாப்ட் 2019இல் சொன்னது. குரோம் உலாவியின் கடுமையான ஓட்டைகளிலும் ஏறக்குறைய 70% இதே வகை என்று கூகல் 2020இல் சொன்னது. உலகத்தின் கெட்டிக்காரப் பொறியாளர்களை வைத்து எழுதும் இடங்களே இப்படியென்றால் மற்றவர்கள் கதையைக் கேட்கவே வேண்டாம்.

ஜாவா, பைத்தான், கோ மொழிகளில் பயன்படாத இடத்தை மொழியே தேடிப் பிடித்து விடுவிக்கும். அந்த வேலைக்கு கார்பேஜ் கலெக்‌ஷன் என்று பெயர். எழுதுபவருக்கு நிம்மதி, ஆனால் அது வேலை செய்யும் நேரத்தில் நிரல் கொஞ்சம் தடுமாறும். டிஸ்கார்ட் அரட்டைச் செயலியில் யார் எந்தச் செய்திவரை படித்தார்கள் என்று கணக்கு வைக்கும் ஒரு பகுதி கோ மொழியில் இருந்தது. கோவின் கார்பேஜ் கலெக்‌ஷன் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறையாவது கட்டாயம் ஓடும், எனவே சரியாக இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை அங்கே தாமதம் எகிறியது. எவ்வளவு மெருகேற்றியும் போகவில்லை. அந்தப் பகுதியை ரஸ்ட்டில் திரும்ப எழுதிவிட்டோம் என்று 2020இல் அவர்களே விளக்கினார்கள்.

ரஸ்ட் மூன்றாவது வழி. நினைவகத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே ஒரு உரிமையாளர் என்று விதி வைத்து, உரிமையாளரின் வேலை முடிந்ததும் இடம் தானாக விடுபடும்படி கம்பைலரே கணக்குப் பார்த்துவிடுகிறது. ஓடும்போது தடுமாற்றமில்லை, நினைவகப் பிழைகளும் அநேகமாக வராது. விலை? கம்பைலர் ஒத்துக்கொள்ளும்வரை அதோடு மல்லுக்கட்ட வேண்டும், முதல் சில வாரங்கள் பொறுமை போய்விடும். ஆனாலும் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதி, பல்லாண்டுகளாக சி மட்டுமே நுழைந்த இடம், 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பிலிருந்து ரஸ்ட்டுக்கும் கதவைத் திறந்திருக்கிறது.

ஆக மொத்தம் மூன்று செலவுகள்: கணினியின் நேரம், எழுதுபவரின் நேரம், பிழையைப் பிறகு பிடிப்பதற்கு ஆகும் நேரம். ஒவ்வொரு மொழியும் இவற்றில் ஒன்றை மிச்சப்படுத்த இன்னொன்றைச் செலவழிக்கிறது.

தரவரிசை எதை எண்ணுகிறது?

இப்போது அக்கா மகன் போனில் காட்டிய பட்டியலுக்கு வருவோம். அடிக்கடி செய்தியில் அடிபடுவது டியோபி என்ற பட்டியல். 2021 அக்டோபரில் பைத்தான் முதல்முறையாக அதில் முதலிடத்துக்கு வந்தது, அதுவரை சியும் ஜாவாவும்தான் மாறி மாறி அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தன. டியோபி எண்ணுவது என்ன தெரியுமா? மொழியின் பெயரோடு நிரலாக்கம் என்ற சொல்லைச் சேர்த்துப் பல தேடுபொறிகளில் தேடினால் எத்தனை பக்கங்கள் வருகின்றன என்பதை. எழுதப்பட்ட கோடை அல்ல, வேலை வாய்ப்புகளை அல்ல. ஒரு மொழியைப் பற்றி இணையத்தில் எவ்வளவு பேசியிருக்கிறார்கள் என்ற கணக்கு அது. புதியவர்கள் அதிகம் கற்கும் மொழிக்குப் பாடப் பக்கங்கள் குவியும், எண்ணிக்கையும் ஏறும்.

நிரலாளர்கள் தங்கள் கோடைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளம் வேறு ஒன்றை எண்ணுகிறது, தன்னிடம் கோட் சேர்ப்பவர்கள் எந்த மொழியில் சேர்க்கிறார்கள் என்று. 2025 ஆகஸ்டில் அங்கே டைப்ஸ்கிரிப்ட் பைத்தானையும் ஜாவாஸ்கிரிப்டையும் தாண்டி முதலிடத்துக்கு வந்தது. அதே ஆண்டு டியோபியில் பைத்தான் அசைக்கமுடியாத முதலிடம், டைப்ஸ்கிரிப்டோ முதல் இருபதுக்குள்கூட இல்லை. ஒரே ஆண்டு, ஒரே உலகம்! இரண்டுமே பொய் இல்லை.

இன்னொரு பட்டியலையும் பார்த்துவிடலாம். நிரலாக்கக் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ ஆண்டுதோறும் நிரலாளர்களிடம் கருத்தாய்வு நடத்துகிறது. பயன்படுத்தியவர்கள் மறுபடியும் பயன்படுத்த விரும்பும் மொழி எது என்ற கேள்வியில் 2016 முதல் ரஸ்ட்தான் தொடர்ந்து முதலிடம். 2024இல் ரஸ்ட் எழுதியவர்களில் 83% பேர் அதையே தொடர விரும்புவதாகச் சொன்னார்கள். அதே ஆய்வில் ரஸ்ட்டைப் பயன்படுத்தியவர்கள் மொத்தத்தில் 13% கூட இல்லை. விருப்பம் ஒரு பக்கம், பிழைப்பு ஒரு பக்கம். சம்பளம் கொடுக்கும் கோட் பெரும்பாலும் பத்து வருடத்துக்கு முன்னால் யாரோ எடுத்த முடிவின்படி எழுதப்படுகிறது, இன்று எழுதுபவருக்குப் பிடித்தபடி அல்ல.

ஆகவே பட்டியலைப் பார்த்தால் முதலில் எதை எண்ணினார்கள் என்று பாருங்கள். யார் மேலே என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஏறுவதற்கும் விழுவதற்கும் காரணம் பெரும்பாலும் வெளியே இருக்கிறது

ஜாவாஸ்கிரிப்டை 1995இல் நெட்ஸ்கேப் என்ற உலாவி நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் உருவாக்கினார். 53 பிரியாணி போன்ற விநோதங்களுக்கு அந்த அவசரமும் ஒரு காரணம். ஆனால் எல்லா உலாவிகளுக்குள்ளும் ஓடும் ஒரே மொழி என்ற இடத்தை அது பிடித்துவிட்டது. உலாவிக்குள் ஓடிய ஃபிளாஷ் என்ற மென்பொருள் போட்டிக்கு வந்து 2020 கடைசியில் மூட்டை கட்டியது. மொழி சுமாராக இருந்தாலும் இடம் நல்ல இடம், அதனால் உலகமே அதைத் திருத்தித் திருத்திப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது.

ஆப்ஜெக்டிவ் சி கதை இன்னும் தெளிவு. 1980களில் பிறந்து, ஆப்பிள் வட்டாரத்துக்கு வெளியே யாரும் கண்டுகொள்ளாமல் கிடந்த மொழி. 2008இல் ஐபோன் ஆப் ஸ்டோர் திறந்ததும் செயலி எழுத வேறு வழியில்லை என்பதால் விறுவிறுவென்று மேலே ஏறியது. 2014இல் ஆப்பிள் ஸ்விஃப்ட் என்ற புது மொழியை அறிவித்ததும் இறங்கத் தொடங்கியது. ஆண்ட்ராய்டு பக்கம் 2017இல் கூகல் கோட்லின் என்ற மொழியை அதிகாரபூர்வமாக ஏற்று, 2019இல் இனி அதற்குத்தான் முன்னுரிமை என்றது, ஜாவாவில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் கூட்டமாக அங்கே நகர்ந்தார்கள். 2020இல் நாம் எல்லோரும் போனில் வைத்திருந்த, கொவிட் தொடர்புகளைத் தடமறியும் டிரேஸ்டுகெதர் செயலியின் திறந்தமூல வடிவத்தைப் பார்த்தால், செய்யும் வேலை ஒன்றேதான், ஆனால் ஆண்ட்ராய்டுக்கு கோட்லினில் ஒன்று, ஐபோனுக்கு ஸ்விஃப்டில் ஒன்று என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறார்கள். அங்கே மொழியை போன்தான் தேர்ந்தெடுத்தது.

ரூபி ஒரே ஒரு கருவியின் தோளில் ஏறியது. 2004இல் வந்த ரெய்ல்ஸ் வைத்து ஒரு சின்னக் குழு சில வாரங்களில் இணையத்தளம் எழுதிவிட முடிந்தது. ட்விட்டர் அதில்தான் தொடங்கியது, கூட்டம் பெருகியதும் முக்கியப் பகுதிகளை ஸ்காலா என்ற மொழிக்கு மாற்றிக்கொண்டது. "ரூபி செத்துவிட்டது" என்ற பேச்சு அப்போது கிளம்பியது. கிட்ஹப்பும், இணையக் கடை நடத்த உதவும் ஷாப்பிஃபையும் இன்றும் ரூபியில்தான் பெரும்பகுதி ஓடுகின்றன.

உண்மையில் மொழிகள் சாவதே அபூர்வம். கோபால் 1959இல் திட்டமிடப்பட்ட மொழி, இன்றைய மாணவர் யாரும் அதை விரும்பிக் கற்பதில்லை. 2020 ஏப்ரலில் கொவிட் சமயத்தில் வேலையிழந்தவர்களின் உதவித்தொகை விண்ணப்பங்கள் கோபாலில் ஓடும் பழைய கணினிகளில் குவிந்தபோது, அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஆளுநர் கோபால் தெரிந்த தொண்டூழியர்கள் வேண்டும் என்று செய்தியாளர்கள் முன்னால் கேட்க நேர்ந்தது. நாற்பது ஆண்டுகள் ஒழுங்காக ஓடிய கோடைத் தூக்கிப் போட்டுப் புதிதாக எழுதுவது செலவு மட்டுமல்ல, ஆபத்தும்கூட. அதில் ஒளிந்திருக்கும் ஆயிரம் சின்னச் சின்ன விதிகள் வேறெங்கும் எழுதி வைக்கப்பட்டிருக்காது.

இந்த ஊரில் படிக்கப்போகிறவர்களுக்கு

மாமா சொன்னதிலும் உண்மை இருக்கிறது. இங்கே வங்கி வேலை விளம்பரங்களைப் புரட்டினால் ஜாவா இன்னும் கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருக்கும். ஆனால் பள்ளியில் அது இல்லை, சாதாரண நிலைக் கணினிப் பாடத்தில் பைத்தான்தான். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு நிரலாக்கம் ஒரே மாதிரி இல்லை: ஒரு பாடம் சியில், ஒன்று பைத்தானில், கணினி அறிவியல் மாணவர்களுக்கானது ஜாவாஸ்கிரிப்டிலிருந்து வெட்டிச் சுருக்கிய சோர்ஸ் என்ற மொழியில். 2012க்கு முன் அந்தப் பாடம் ஸ்கீம் மொழியில் நடந்தது, வேலைச் சந்தையில் ஸ்கீமைத் தேடினால் கிடைக்காது. அப்போதும் இப்போதும் அங்கே சொல்லிக்கொடுப்பது ஒரு சிக்கலைத் துண்டு துண்டாக உடைத்து யோசிக்கும் முறையை. மொழி அதற்கு ஒரு சாக்கு.

நம் முன்னாள் பிரதமர் லீ சியன் லூங் 2015 மே மாதம் தாம் எழுதிய சுடோக்கு தீர்க்கும் நிரலை ஃபேஸ்புக்கில் போட்டது பலருக்கு நினைவிருக்கும். சி++இல் எழுதியது. கட்டங்களில் ஓர் எண்ணைப் போட்டுப் பார்ப்பது, முட்டினால் பின்வாங்கி அடுத்ததைப் போடுவது என்ற பழைய உத்திதான். பிள்ளைகள் ஹாஸ்கல் மொழிப் புத்தகம் ஒன்றைக் கொடுத்ததாகவும், ஓய்வு பெற்றபின் படிக்கலாம் என்று வைத்திருப்பதாகவும் அவர் அப்போது சொன்னார். அதே நிரலை இன்று பைத்தானில் எழுதினால் பாதி நீளத்தில் முடிந்துவிடும், கொஞ்சம் மெதுவாக ஓடும், சுடோக்குவுக்கு அந்த மெதுவு கண்ணுக்கே தெரியாது. பங்குச் சந்தையில் மைக்ரோநொடிக்குள் ஆர்டர் போடும் நிரலென்றால் தெரியும், அங்கே சி++ இன்றும் அசையாமல் இருக்கிறது.

ஏஐ எழுதிவிடும் என்ற பேச்சுக்கும் ஒரு வார்த்தை. ஏஐ எழுதத்தான் செய்கிறது. இணையத்தில் எந்த மொழியில் கோட் கொட்டிக் கிடக்கிறதோ அந்த மொழியில் அது நன்றாக எழுதும், ஏனென்றால் அதைப் படித்துத்தான் கற்றது. அதனால் பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் போன்ற பணக்கார மொழிகள் மேலும் பணக்காரர்கள் ஆகின்றன, புதிதாக வரும் மொழிக்கு வாசல் இன்னும் குறுகுகிறது. இன்னொரு பக்கம், இயந்திரம் எழுதிய கோடை மனிதர் வரிவரியாகச் சரிபார்ப்பது கஷ்டம். டைப் தப்பாக இருந்தால் கம்பைலரே பிடித்துக்கொடுக்கும் மொழிகளுக்கு இதனால் மவுசு கூடுகிறது. டைப்ஸ்கிரிப்டின் ஏற்றத்துக்கு கிட்ஹப் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று.

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு 2024 மே மாதம் முதல் அரசாங்கத்தின் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சித் திட்டத்தில் 4,000 வெள்ளி கூடுதல் தொகை கிடைக்கிறது, அதில் என்ன படிக்கலாம் என்று கேட்பவர்களும் உண்டு. அலுவலகத்தில் எண்களோடும் எக்செல் கோப்புகளோடும் மல்லுக்கட்டுபவர் என்றால் பைத்தான், யோசிக்கவே வேண்டாம். இணையத்தளம் கட்ட ஆசையென்றால் ஜாவாஸ்கிரிப்டில் தொடங்கி டைப்ஸ்கிரிப்டுக்குப் போங்கள். போன் செயலி என்றால் உங்கள் கையில் எந்த போன் இருக்கிறதோ அதன் மொழி. ரஸ்ட்டை முதல் மொழியாக எடுக்க வேண்டாம், இரண்டாவதாக எடுத்தால் ரசிப்பீர்கள். வகுப்பில் சேருமுன் ஆசிரியரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: பாடம் முடியும்போது நானே எழுதி ஓட்டிக்காட்டும் ஒரு முழு நிரல் என் கையில் இருக்குமா? இல்லை, சான்றிதழ் மட்டும்தான் என்றால் அந்தத் தொகையை வேறு வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.